படி டிராலியும் பத்து நிமிடக் குறிப்பும்: ஒரு டிசைன் பாடத்தின் நிகழ்வு ஆய்வு

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர்களுக்கான டிசைன் பாடம் ஒன்றை நானும் சக ஆசிரியை ஒருவரும் ஆளுக்கொரு பிரிவாகச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். மாணவர்கள் வாராவாரம் எழுதிக் கொடுத்த குறிப்புகளைப் படித்து அந்தப் பாடத்தை எப்படி மாற்றினோம், அதில் எங்கே சறுக்கினோம் என்பதுதான் இந்த ஆய்வு. மாணவர்களின் வரிகளை அப்படியே எடுத்துப் போடவில்லை. எங்களை நம்பி எழுதியவை அவை. சாரத்தை மட்டும் என் சொற்களில் தருகிறேன்; சில இடங்களில் இரண்டு மூன்று பேர் எழுதியதை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

இவ்வகை எழுத்தைப் பிரதிபலிப்பு எழுத்து, மீள்நோக்கு எழுத்து என்றெல்லாம் சொல்கிறார்கள். செய்த வேலையைத் திரும்பிப் பார்த்து, ஏன் அப்படிச் செய்தேன், எது என் எண்ணத்தை மாற்றியது என்று எழுதிப் பார்ப்பதுதான் விஷயம். எங்கள் வகுப்பில் அதற்கு ‘குறிப்பு’ என்றே பெயர் நின்றுவிட்டது. நானும் அப்படியே சொல்கிறேன்.

பாடமும் டிராலியும்

ஒரு செமஸ்டர், ஐந்தைந்து பேர் கொண்ட டீம்கள், எல்லா டீமுக்கும் ஒரே வேலை: சுமையோடு படிக்கட்டு ஏறி இறங்கும் கைவண்டி ஒன்றை வடிவமைத்து, செய்து, ஓட்டிக் காட்ட வேண்டும். நல்ல சவால் என்று இன்றும் நினைக்கிறேன். கணக்கு மாணவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, பட்டறையிலேயே செய்துவிடலாம், தோற்றால் யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. வண்டி நடுப்படியில் நிற்கும்.

பெரும்பாலான டீம்கள் வந்து சேரும் இடம் மூன்று சக்கரக் கொத்து. நடுவில் ஓர் அச்சு, அதைச் சுற்றி 120 டிகிரி இடைவெளியில் மூன்று கைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு சக்கரம். 1967இல் அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனத்தில் ராபர்ட் ஃபோர்சைத், ஜான் ஃபோர்சைத் இருவரும் கரடுமுரடான நிலத்தில் போகும் வாகனத்துக்காக உருவாக்கிய அமைப்பு அது. சமதரையில் இரண்டு சக்கரங்கள் உருளும். படியில் முட்டியதும் கொத்து முழுவதும் சுழன்று, மேலே இருக்கும் மூன்றாவது சக்கரம் அடுத்த படியில் போய் உட்காரும்.

இது ஒழுங்காக நடக்க ஒரு நிபந்தனை உண்டு. பக்கத்துப் பக்கத்துச் சக்கர மையங்களின் இடைவெளி, ஒரு படியின் விளிம்பிலிருந்து அடுத்த படியின் விளிம்புக்கு உள்ள சாய்வுத் தூரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். படியின் உயரம் 170 மி.மீ., கால் வைக்கும் தளம் 280 மி.மீ. என்றால் அந்தத் தூரம் ஏறத்தாழ 328 மி.மீ. அதை 3இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் கை நீளம் 189 மி.மீ. கிடைக்கும். உயரம் 190, தளம் 250 என்று செங்குத்தான படிக்கட்டுக்குப் போனால் கை நீளம் 181 ஆகிவிடும். எட்டு மி.மீ. தானே என்று தோன்றும். ஆனால் சாய்வுத் தூரத்தில் அது படிக்கு 14 மி.மீ. விலகல். இறங்கும்போது விலகல் சேர்ந்துகொண்டே போய், நாலைந்து படிக்குள் சக்கரம் விளிம்பின் நுனியில் வந்து நின்றுவிடும்.

கடைசி வாரச் செயல்விளக்கத்தில் ஆண்டுதோறும் இதுதான் நடந்தது. துறைக் கட்டடத்தின் படிக்கட்டில் அழகாக ஏறிய வண்டியை இன்னொரு படிக்கட்டுக்குக் கொண்டுபோனதும் முரண்டு பிடிக்கும். அல்லது நேர்ப்படியில் ஏறிவிட்டு, லேண்டிங்கில் (படிக்கட்டு திரும்பும் இடத்தில் உள்ள மேடையில்) திரும்ப இடம் போதாமல் மாட்டிக்கொள்ளும்.

ஆசிரியர் அறையில் நாங்கள் சொல்லிக்கொண்ட காரணம் எளிமையானது. பிள்ளைகளுக்கு அவசரம், அளந்து பார்ப்பதில்லை, முதல் வாரமே கணினியில் முப்பரிமாண மாடல் வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள். இதற்கு ஆய்வுலகின் ஆதரவும் எங்களிடம் இருந்தது. சிந்தியா ஆட்மனும் சகாக்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டுத் திடல் ஒன்றை வடிவமைக்கச் சொல்லி முதலாண்டு மாணவர்களையும் இறுதியாண்டு மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். மூத்தவர்கள் கூடுதலாகத் தகவல் கேட்டார்கள், கூடுதலான மாற்று யோசனைகளைப் பார்த்தார்கள், ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அடிக்கடி முன்னும் பின்னும் போய் வந்தார்கள். சரி, நம் மாணவர்களுக்கு இன்னும் அந்த முதிர்ச்சி வரவில்லை என்று முடிவு கட்டிவிட்டோம். அந்த முடிவு எங்களுக்கு வசதியாகவும் இருந்தது.

முதல் முயற்சி: கட்டுரை

அந்த முதிர்ச்சியைக் கொண்டுவரத்தான் முதலில் எழுத வைத்தோம். செமஸ்டர் முடிவில் இரண்டு பக்கக் கட்டுரை, பத்து மார்க். கிரஹாம் கிப்ஸ் 1988இல் வகுத்த ஆறு படிகளைக் கொடுத்தோம்: நடந்தது, உணர்ந்தது, நன்மை தீமை, அலசல், முடிவு, அடுத்த திட்டம். கையில் வந்தது ஆறு தலைப்புகளும் நிரப்பப்பட்ட படிவம். குழுவாக வேலை செய்யக் கற்றோம், நேரத்தின் அருமை புரிந்தது, வழிகாட்டிய ஆசிரியர்களுக்கு நன்றி. பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று எழுதியவருக்கே தெரியாது.

இதைவிட மோசமானது ஒன்றும் நடந்தது. ‘ஆழத்துக்கு’ மார்க் உண்டு என்று சொல்லியிருந்தோம். ஆழம் எப்படி இருக்கும் என்பதை மாணவர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள்: முதலில் ஒரு தோல்வி, நடுவில் ஞானோதயம், கடைசியில் வெற்றி. அப்படி ஒரு கட்டுரையில் வெல்டிங் விட்டுப்போய் டீமே உடைந்துபோனதையும் மீண்டெழுந்ததையும் படித்து உருகி முழு மார்க் போட்டேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அந்த டீமிடம் கேட்டால், அவர்கள் வண்டியில் வெல்டிங்கே இல்லை. எல்லாம் போல்ட். எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் விலை கொடுத்தேன், சரக்கு வந்தது.

மார்க்கை எடுத்துவிட்டால் மட்டும் சரியாகிவிடுமா? ஆகாது என்றுதான் நினைக்கிறேன். மூன்று மாதம் கழித்துக் கேட்டால், ஏன் அந்த பேரிங்கைத் தேர்ந்தெடுத்தோம் என்பது நேர்மையானவருக்கே மறந்திருக்கும். முடிவு மட்டும் நினைவில் இருக்கும். அதற்கான காரணத்தைப் புதிதாகச் செய்துகொள்வார். டொனால்ட் ஷோன் 1983இல், வேலை செய்துகொண்டிருக்கும்போதே யோசிப்பதையும் செய்து முடித்த பின் யோசிப்பதையும் பிரித்துக் காட்டினார். டிசைன் செய்பவர் ஒரு கோடு போடுகிறார், அந்தக் கோடு எதையோ திருப்பிச் சொல்கிறது, அதைக் கேட்டு அடுத்த கோட்டை மாற்றுகிறார். எங்கள் கட்டுரை இந்தப் பேச்சுவார்த்தை முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு வந்து சாட்சி கேட்டது.

மூன்று கேள்விகள், அரைத் தாள்

ஹார்வர்டில் புள்ளியியல் கற்பித்த ஃப்ரெடரிக் மோஸ்டெல்லர் 1989இல் ஒரு சிறு உத்தியைப் பற்றி எழுதினார். வகுப்பு முடியும்போது, இன்று முக்கியமானது எது, மிகக் கலங்கலாக இருந்தது எது, இன்னும் எதைப் பற்றிக் கேட்க விரும்புகிறீர்கள் என்று கேட்டுச் சில வரிகள் எழுதி வாங்குவது. அளவிலும் நேரத்திலும் இது எங்களுக்குப் பிடித்தது. ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. டிசைன் வகுப்பில் கலங்கலாவதற்கு விரிவுரையே பெரிதாகக் கிடையாது. அங்கே நடப்பது முடிவெடுப்பு. அதனால் கேள்விகளை முடிவைச் சுற்றி வைத்தோம்.

இந்த வாரம் எந்த முடிவை மாற்றினீர்கள், எது மாற்ற வைத்தது? சோதித்துப் பார்க்காமலேயே இப்போது நம்பிக்கொண்டிருப்பது எது? இந்த வாரம் உங்கள் கை எதன்மேல் பட்டது?

மூன்றாவது கேள்வி என் சக ஆசிரியையுடையது. எனக்கு அது முதலில் விளையாட்டாகத் தோன்றியது. பிறகு அதுதான் எங்களை அதிகம் சங்கடப்படுத்தியது.

லேப் நேரத்தின் கடைசிப் பத்து நிமிடம், அரைத் தாள், கையால் எழுத வேண்டும், எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம், மொழிகளைக் கலந்தும் எழுதலாம். மொழியைத் திறந்துவிட்டதில் வந்த மாற்றம் நான் எதிர்பாராதது. பாடமொழியில் ‘சில சவால்களைச் சந்தித்தோம்’ என்று எழுதியவர், தன் மொழியில் எழுதியபோது ஷாஃப்ட்டை அரை மி.மீ. குறைத்துக் கடைந்துவிட்டதைச் சொன்னார். வீட்டில் டைப் செய்து வரச் சொல்வதை அறவே விட்டுவிட்டோம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது எங்கள் எல்லாரையும்விட நன்றாக வருந்தித் திருந்துகின்றன.

மார்க் விஷயத்தில் ஒரு சமரசம். தாளைக் கொடுத்தாலே முழு மார்க். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு மார்க் கிடையாது. அப்புறம், மதிப்பிடுகிற ஆள் படிக்கக் கூடாது. என் பிரிவின் தாள்களைச் சக ஆசிரியை படிப்பார், அவர் பிரிவினுடையதை நான் படிப்பேன். பொதுவாகப் பெயரில்லாத சுருக்கம் மட்டும் கைமாறும்.

படித்த விதம்

இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் போட வேண்டிய கணக்கு இது. ஒரு பிரிவில் 60 பேர், 12 வாரம் என்றால் 720 தாள்கள். ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம் என்றாலும் 18 மணி நேரம். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடியாதவர் தாளை வாங்காமலே இருப்பது நல்லது. வாங்கிப் படிக்காமல் வைத்திருந்தால் இரண்டே வாரத்தில் மாணவர்களுக்குத் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் வேகமாகப் படித்தோம். 3, 6, 9ஆம் வாரத் தாள்களை மட்டும் விதிவிலக்காக, பெயரை மறைத்து, நிதானமாக, இருவரும் தனித்தனியே. முன்கூட்டி எந்தக் கோட்பாட்டுச் சட்டகமும் வைத்துக்கொள்ளவில்லை. ஓரத்தில் ஒரு சொல் எழுதுவோம்: அளவு, ஆள், நேரம், கருவி, பயம். இவற்றோடு சக ஆசிரியை சேர்த்த ஒரு சொல் ‘நாம்’. ஆசிரியர்களாகிய நாம் செய்த எதனாலோ நடந்தது என்று பொருள். பிறகு இருவர் ஓரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒத்துப்போன தாள்களில் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. முரண்பட்டவற்றில்தான் எல்லாம் இருந்தது.

ஒரு மூன்றாம் வாரத் தாள் நினைவிருக்கிறது. ரிவ்யூவுக்கு (வேலையை இடையில் பார்த்து மார்க் போடும் கூட்டத்துக்கு) முன்னால் மாடலை முடிக்க இரண்டு இரவு விழித்ததாகவும், சக்கரக் கொத்தின் அளவை இணையத்தில் பார்த்த ஒரு படத்திலிருந்து எடுத்துக்கொண்டதாகவும், அது சரியா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தது. நான் ஓரத்தில் ‘நேரம்’ என்று எழுதினேன். நேர மேலாண்மைக் குறைபாடு, வேறென்ன. அவர் ‘நாம்’ என்று எழுதியிருந்தார்.

கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் வாதாடினோம். கடைசியில் அவர் எழுந்து போய் முதல் ரிவ்யூவின் மதிப்பெண் படிவத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மூன்றாம் வார ரிவ்யூவில் பாதி மார்க் ‘முழுமையான முப்பரிமாண மாடல்’ என்பதற்கு. படிக்கட்டை அளந்ததற்கு என்று ஒரு மார்க்கும் இல்லை. அந்தப் படிவத்தைத் தயாரித்தது நான்.

அதற்குப் பிறகு இரண்டாம் கேள்வியின் பதில்களைத் திரும்பப் படித்தோம். சோதிக்காமல் நம்புவது எது என்ற கேள்விக்கு, டீமுக்கு ஒருவராவது படியின் அளவைத்தான் எழுதியிருந்தார். அதாவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அளக்கவில்லை என்பதும், அது பின்னால் உதைக்கும் என்பதும் மூன்றாம் வாரமே தெரிந்திருந்தது. அளப்பதற்கு எங்கள் பாடம் அவர்களுக்கு ஒரு காரணமும் கொடுக்கவில்லை. மாடல் வரைவதற்குப் பாதி மார்க் கொடுத்தது. அவசரம், முதிர்ச்சியின்மை என்று ஆண்டுக்கணக்கில் நாங்கள் பெயர் சூட்டியது, எங்கள் மதிப்பெண் படிவத்துக்கு மாணவர்கள் காட்டிய மிகச் சரியான எதிர்வினை.

ஆட்மன் ஆய்வு தவறு என்று சொல்லவில்லை. அனுபவம் வித்தியாசம் செய்யத்தான் செய்யும். ஆனால் அந்த விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் படிவத்தைப் பார்க்காமல் இருந்தோம். தேர்ச்சி வீதமும் செமஸ்டர் இறுதிக் கருத்துக்கணிப்பும் இதை ஒருபோதும் காட்டியிருக்காது. கருத்துக்கணிப்பில் ‘ரிவ்யூக்கள் பயனுள்ளதாக இருந்தன’ என்பதற்கு எங்களுக்கு எப்போதும் நல்ல மதிப்பீடுதான்.

மூலையில் இருந்த வண்டி

இன்னொரு கண்டுபிடிப்பு சிறியது, ஆனால் ரசமானது. முந்தைய ஆண்டின் சிறந்த டிராலியை ஊக்கத்துக்காக லேப் மூலையில் வைத்திருந்தோம். ‘எந்த முடிவை மாற்றினீர்கள்’ என்ற கேள்விக்கு ஆரம்ப வாரங்களில் பல தாள்களில் வந்த பதில், பட்டையில் ஏறுவது அல்லது நெம்புகோல் வைப்பது என்று இருந்ததைக் கைவிட்டு மூன்று சக்கரக் கொத்துக்கு வந்துவிட்டோம் என்பது. எது மாற்ற வைத்தது? மூலையில் இருக்கும் வண்டி.

டேவிட் ஜான்சனும் ஸ்டீவன் ஸ்மித்தும் 1991இல் இதற்கு டிசைன் பிடிமானம் என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். ஓர் எடுத்துக்காட்டைக் காட்டிவிட்டு டிசைன் செய்யச் சொன்னால், அதன் குறைகளும் சேர்ந்தே நகலாகின்றன. அவர்களுடைய சோதனைகளில் ஒன்றில், சிந்தாத காபிக் கோப்பையை உறிஞ்சுகுழல் இல்லாமல் வடிவமைக்கச் சொன்னார்கள். காட்டிய மாதிரியில் குழல் இருந்ததால், கூடாது என்று சொல்லியும் குழல் திரும்பத் திரும்ப வந்தது. எங்கள் மூலை வண்டியின் கைப்பிடி கொஞ்சம் குட்டை. உயரமானவர் குனிந்துதான் இழுக்க வேண்டும். அடுத்த ஆண்டு வண்டிகளின் கைப்பிடியும் குட்டையாகவே இருந்தது ஏன் என்பது இப்போது புரிந்தது. வண்டியைப் பூட்டிய அறைக்கு மாற்றினோம். ஐந்தாவது வாரம்தான் வெளியே வரும், அதுவும் குறை கண்டுபிடிக்கும் பயிற்சிக்காக.

கை படாதவர்கள்

மூன்றாவது கேள்வியின் பதில்களை வாரவாரியாக ஒரு டீமுக்கு அடுக்கிப் பார்த்தால் ஒரு படம் கிடைக்கும். ஒருவர் தாளில் லேத், டிரில், கிரைண்டர். இன்னொருவர் தாளில் பன்னிரண்டு வாரமும் கீபோர்டு. ரிப்போர்ட் தட்டுவது, ஸ்லைடு செய்வது, பொருள் பட்டியல் தயாரிப்பது. சில தாள்களில் இந்த இடம் வெறுமையாக இருந்தது. வெறுமையை முதல் ஆண்டு நாங்கள் சோம்பல் என்று படித்தோம். உண்மையில் அதுதான் பதில்: எதன்மேலும் கை படவில்லை.

யாரும் புகாராக எழுதவில்லை. எழுத்து நன்றாக வருகிறது என்று டீமே அன்பாக ஒருவரிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிடுகிறது. அவரும் உதவியாக இருக்கட்டும் என்று ஏற்றுக்கொள்கிறார். டீமின் வண்டி நன்றாகவே ஓடும், மார்க்கும் நன்றாகவே வரும். டிசைன் பாடம் முடித்த ஒருவர் ஒரு போல்ட்டைக்கூட முறுக்காமல் வெளியே போயிருப்பார். நேரடியாக, உங்கள் டீமில் வேலைப் பங்கீடு சரியாக இருக்கிறதா என்று கேட்டிருந்தால் எல்லாரும் ஆம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். கை எங்கே பட்டது என்று கேட்டதால் தப்பிக்கவில்லை.

மாற்றியவையும் அதன்பின் நடந்ததும்

முதல் ரிவ்யூவிலிருந்து கணினி மாடலை எடுத்துவிட்டோம். மூன்றாம் வாரம் கொண்டுவர வேண்டியது: குறைந்தது மூன்று வெவ்வேறு படிக்கட்டுகளின் அளவுகள், லேண்டிங் அகலத்தோடு, கையால் வரைந்த மாற்று யோசனைகள், அட்டையிலோ பிளைவுட்டிலோ வெட்டிய ஒரு சக்கரக் கொத்து. ஆறாம் வாரம் அந்தக் கொத்தை உண்மையான படிக்கட்டில் உருட்டிக் காட்ட வேண்டும். கணினி மாடல் அதற்குப் பிறகு. வேலைகளில் சுழற்சி வைத்தோம். ரிப்போர்ட்டின் ஒவ்வொரு பகுதியையும் அந்த வேலையைச் செய்தவரே எழுத வேண்டும்.

வண்டிகள் தோற்பது நின்றுவிட்டதா? இல்லை. தோற்கும் நாள் முன்னால் வந்தது. முன்பு கடைசி வாரம் தெரிந்தது இப்போது ஆறாம் வாரம் தெரிகிறது, திருத்த நேரம் இருக்கிறது. சில டீம்கள் கையில் துளை வரிசை போட்டுச் சக்கரத்தின் இடத்தை மாற்றும்படி செய்தன. ஒரு டீம் கொத்தையே விட்டுவிட்டு வழுக்குப் பட்டைக்குப் போனது. கைகளுக்கு நடுவில் உள்ள தகடு படியின் மூக்கில் இடிக்கும் என்பதையும் முன்பெல்லாம் உலோகத்தில் வெட்டிய பிறகுதான் தெரிந்துகொள்வார்கள். இப்போது அட்டையிலேயே தெரிகிறது.

குறிப்புகளின் மொழியும் மாறியது. ‘சவால்’, ‘அனுபவம்’ போன்ற சொற்கள் குறைந்து, மில்லிமீட்டர், பாகங்களின் பெயர், ‘நான் தவறாக நினைத்திருந்தேன்’ ஆகியவை கூடின. இதற்குப் புள்ளிவிவரம் தர மாட்டேன். ஒப்பிட வேறு குழு எங்களிடம் இல்லை. பாடம், கேள்வி, மாணவர்கள் மூன்றும் ஒரே நேரத்தில் மாறின. எழுதியதால் மாறினார்களா, ரிவ்யூ மாறியதால் மாறினார்களா என்று பிரிக்க இந்த ஆய்வு போதாது. ரிவ்யூ மாறியதற்குத்தான் கூடுதல் பங்கு என்பது என் ஊகம்.

நாங்கள் கெடுத்தது

மாணவர்கள் எழுதியதைக் கேட்டு ஒரு தவறான மாற்றமும் செய்தோம். யோசனைகளை ஒப்பிட்டுத் தேர்வு செய்ய, ஸ்டூவர்ட் ப்யூ 1981இல் முன்வைத்த ஒப்பீட்டு அட்டவணையைப் பயன்படுத்தி வந்தோம். ஓர் அடிப்படை யோசனையை வைத்துக்கொண்டு மற்றவை ஒவ்வொரு அளவுகோலிலும் அதைவிட மேலா, கீழா, சமமா என்று குறிப்பது. குறிப்புகளில் இதன்மேல் ஒரே சலிப்பு. முதலில் முடிவெடுத்துவிட்டு அட்டவணையைப் பிறகு நிரப்புகிறோம், வீண் வேலை என்று பலர் எழுதினார்கள். நாங்களும் கேட்கிற ஆசிரியர்கள் ஆகிவிட்ட பெருமையில் அதைத் தூக்கிவிட்டோம்.

அடுத்த ஆண்டுக் குறிப்புகளில், எந்த யோசனை தேர்வானது, ஏன் என்ற இடத்தில் ஓர் ஆளின் பெயர் மட்டுமே இருந்தது. யார் உரக்கப் பேசினாரோ அவர் யோசனை. அட்டவணையைத் திரும்பக் கொண்டுவந்தோம், ஒரு மாற்றத்தோடு: ஒவ்வொருவரும் தனியாக நிரப்பிய பிறகே டீம் கூட வேண்டும்; எந்தக் கட்டத்தில் கருத்து மாறுபட்டது என்பதை எழுத வேண்டும். மாணவர் குறிப்பை நடந்ததற்கான சாட்சியாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நாங்கள் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டோம். முடிவுக்குப் பிறகு நிரப்புகிறோம் என்பது மதிப்புள்ள சாட்சி. அதற்கு மருந்து அட்டவணையை எடுப்பது என்பது அவர்களுடைய ஊகம். அதை யோசிக்க வேண்டியது எங்கள் வேலை.

இன்னொரு தவறு முழுக்க என்னுடையது. ஒரு வகுப்பில், பெயர் சொல்லாமல்தான், ஒரு குறிப்பில் வந்த தவறை நல்ல உதாரணமாக எடுத்துப் பேசினேன். அந்தத் தவறை அந்த வாரம் செய்தது ஒரே ஒரு டீம் என்பது எல்லாருக்கும் தெரியும். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்த மாணவரின் தாள்கள் இரண்டு வரியைத் தாண்டவில்லை என்று சக ஆசிரியை சொன்னார். தனியே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை சார் என்றார். தாள்கள் இரண்டு வரியாகவே தொடர்ந்தன. இப்போது குறைந்தது மூன்று டீம்களில் வந்தால் மட்டுமே ஒரு விஷயத்தை வகுப்பில் பேசுகிறோம், அதுவும் இரண்டு வாரம் தள்ளி.

திருப்பிச் சொல்வது

அடுத்த வாரத் தொடக்கத்தில் ஐந்து நிமிடம்: நீங்கள் எழுதியதில் இது தெரிந்தது, இதை மாற்றுகிறோம், இதை மாற்ற முடியாது, காரணம் இது. இந்த ஐந்து நிமிடத்தை ஒரு செமஸ்டரில் பாடம் ஓடவில்லை என்று விட்டுப் பார்த்தோம். நாலாவது வாரத்திலேயே தாள்கள் மெலிந்துவிட்டன. மாற்ற முடியாது என்பதைக் காரணத்தோடு சொல்வது மாற்றிவிட்டோம் என்பதற்கு இணையாக வேலை செய்தது. லேத் ஒன்றுதான் இருக்கிறது, இரண்டாவது வராது என்று சொன்ன வாரம், டீம்கள் தாங்களே லேத் நேரத்துக்கு அட்டவணை போட்டுக்கொண்டன. அதுவரை எங்களிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சென்ற முறை ஒரு மாணவி தாளைக் கொடுக்கும்போது, “சார், இதை நீங்க எழுத மாட்டீங்களா?” என்று கேட்டார். கிண்டலா, உண்மையா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. அன்று மாலை நானும் அரைத் தாளில் எழுதி லேப் பலகையில் ஒட்டினேன். மாற்றிய முடிவு: ஆறாம் வாரச் சோதனைக்கு மார்க் வேண்டாம் என்று நினைத்திருந்தேன், இப்போது வைக்கப்போகிறேன். கை பட்டது: சாக்பீஸ், டீக் கோப்பை. சோதிக்காமல் நம்புவது: மூன்று படிக்கட்டுகளை அளந்தால் போதும்.

அடுத்த வாரம் ஒரு டீம் பதினொரு படிக்கட்டுகளின் அளவுகளை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனது. ஒரே படிக்கட்டுக்குள்ளேயே முதல் படியும் கடைசிப் படியும் மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் இருந்த இடங்களைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார்கள். அந்தப் படிகளை நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை. ரிவ்யூ படிவத்தில் ‘மூன்று’ என்பதை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று சக ஆசிரியையோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.